அரை நிமிடம் பிந்தி வந்த பந்து

சிங்கப்பூரில் விளையாட்டுகளை இணையத்தில் நேரலையாகக் காட்டும் ஒரு நிறுவனத்தில் எனக்குச் சந்தா விற்கும் வேலை. வீடுகளுக்கு விற்பது வேறு பிரிவு. அவர்கள் விளம்பரம் போட்டால் போதும். ஆட்கள் தாமாகவே செயலியை இறக்கி, வங்கி அட்டை எண்ணைக் கொடுத்துச் சேர்ந்துவிடுவார்கள். நான் இருந்தது கடைகளுக்கு விற்கும் பிரிவில். காப்பிக்கடை, மதுக்கூடம், ஹோட்டல் என்று நாலு பேர் கூடி உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற எந்த இடமாக இருந்தாலும் அதற்குத் தனிச் சந்தா எடுக்க வேண்டும். வீட்டுச் சந்தாவைக் கடை டிவியில் போட்டுக் காட்டக் கூடாது. இதை நான் போய்ச் சொல்லாத கடை இன்று தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், அநேகமாக இல்லை.

அதற்கு முன்னால் நான் கைப்பேசி இணைப்பு விற்றவள். செங்காங் பேரங்காடி வாசலில் மேசை போட்டு, பலூன் கட்டி, போகிற வருகிறவர்களை நிறுத்திப் பேசுகிற வேலை. அந்த மேசையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: "வேண்டாம்" என்பதில் பல வகை உண்டு. நடந்துகொண்டே சொல்கிற வேண்டாம் உண்மையான வேண்டாம். நின்று, விலையைக் கேட்டுவிட்டுச் சொல்கிற வேண்டாம், நாளைக்கு வீட்டுக்காரரோடு வருகிற வேண்டாம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

அந்த ஆண்டு எங்கள் நிறுவனம் இந்தியாவின் இருபது ஓவர் கிரிக்கெட் லீக்கை இங்கே காட்டும் உரிமத்தை வாங்கியிருந்தது. ஒரு கேபிள் நிறுவனத்திடமும் அதே லீக் இருந்தது. எங்கள் பிரிவுத் தலைவி ஆற்றங்கரை மதுக்கூடங்களுக்குக் கால்பந்து விற்றே மேலே வந்தவர். கெட்டிக்காரி, வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக முடிவெடுப்பார். ஆனால் தேக்காவைப் பற்றி அவருக்கு ஒரே ஓர் எண்ணம்தான்: அங்கே யாரும் சந்தா எடுக்க மாட்டார்கள்.

சீசன் தொடங்கிய வாரத்தில் சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். தேக்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருந்தார். ஒரு சாப்பாட்டுக்கடையில் வீட்டுச் சந்தாவை வைத்து ஆட்டம் காட்டுகிறார்கள் என்றும், வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடலாமா என்றும் கேட்டார். தலைவி ஆங்கிலத்தில்தான் பேசுவார். "அனுப்புங்கள்," என்றார்.

"நோட்டீஸ் போனால் அவர் டிவியை அணைத்துவிடுவார். நமக்கு என்ன வரும்? முதலில் என்னை அனுப்புங்கள்," என்றேன்.

தலைவி என்னைப் பார்த்தார். "ஒரு வாரம்," என்றார்.

அந்தக் கடை சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மதியம் வாழையிலைச் சாப்பாடு, மாலையில் டிபன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துவாஸ், கிராஞ்சித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வருகிற ஊழியர்கள் நிறைந்து வழிவார்கள். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். நான் நுழைந்தபோது டிவி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. கல்லாவுக்கு மேலே, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் இவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்துவிட்டது. உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்துதான் என் கார்டை நீட்டினேன்.

"அண்ணே, அந்த டிவியில ஓடுறது வீட்டுச் சந்தாதானே?"

கார்டைப் படித்தவரின் முகம் மாறியது. "மருமகனோடது. காசு கட்டித்தான் பாக்குறோம். திருடலையே."

"வீட்டுக்குக் கட்டுறீங்க. இங்க நாப்பது பேரு பாக்குறாங்க."

"அப்ப மூடிடவா?"

"மூட வேணாம். திருப்புங்க."

"என்னது?"

"தெருவப் பாத்துத் திருப்புங்கண்ணே. யாராச்சும் பாத்துடுவாங்கன்னு பயந்துதானே உள்ளுக்குப் பாத்து மாட்டியிருக்கீங்க? கடைச் சந்தா எடுத்துட்டா யாருக்கும் பயப்பட வேணாம். பெரிய டிவியா வாங்கி வாசலப் பாத்து மாட்டுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டம். அந்த நேரத்துல இந்தச் சந்துல எவ்வளவு பேரு நடக்குறாங்கன்னு என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் டிவியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு மறுபடி டிவியைப் பார்த்தார். "இடம் தெரிஞ்சு பேசுறீங்க லா," என்றார்.

விலையில் சிக்கல் வந்தது. எங்கள் சந்தா மதுக்கூடங்களை மனத்தில் வைத்துப் போட்டது. ஆண்டு முழுக்கக் கட்ட வேண்டும், ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இட்லி விற்கிறவரிடம் அதைக் கேட்க முடியாது. தலைவியிடம் போய், சீசனுக்கு மட்டும் ஒரு சந்தா வேண்டும் என்று கேட்டேன். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு ஒரே ஒரு கடைக்குச் சோதனையாகக் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். புது டிவியும் வாங்கினார். அதை மாட்டும்போது சந்தில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். ஐந்தரை மணிக்கே கூட்டம் கடை வாசலில் ஓடும் ஐந்தடி நடைபாதையைத் தாண்டிவிட்டது. மஞ்சள் சட்டை அணியின் ஆட்டம் என்பதால் பலர் மஞ்சள் பனியனிலேயே வந்திருந்தார்கள். அண்ணன் வடையை அடுக்கி அடுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

எதிர்ச்சாரியில், சந்தின் அந்தப் பக்கம் நேர் எதிரே, ஒரு பரோட்டாக் கடை. அதை நடத்துகிறவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த ஓர் அக்கா. அவருடைய கடையில் பல வருடங்களாக கேபிள் டிவி, கடைக்கான முறையான சந்தாவோடு. அண்ணனுக்கும் அவருக்கும் பகை ஒன்றும் இல்லை, பேச்சும் இல்லை. இருவரும் ஒருவர் கடையில் என்ன கூட்டம் என்று மற்றவர் ஓரக்கண்ணால் பார்த்தே காலம் தள்ளியவர்கள்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டாவது ஓவரில் எங்கள் டிவியில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தயாராகத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையிலிருந்து "ஹோ!" என்று ஒரு சத்தம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "சிக்ஸ் போல," என்றார். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் டிவியில் அந்தப் பந்து போடப்பட்டது. சிக்ஸ்தான். ஒருவரும் கத்தவில்லை.

இணையத்தில் வரும் படம் எப்போதும் பிந்தித்தான் வரும். மைதானத்தில் எடுத்த படத்தைச் சுருக்கி, துண்டு துண்டாக வெட்டி, எங்கெங்கோ இருக்கிற கணினிகள் வழியாக அனுப்பி, கடைசியில் டிவி அதைச் சேர்த்துக் காட்ட வேண்டும். கேபிளுக்கு வழி குறைவு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய அரை நிமிடம் இருந்தது. அண்ணன் டிவி உள்ளே பார்த்துத் தொங்கிய நாட்களில் இது யாருக்கும் தெரியவில்லை. மின்விசிறிச் சத்தத்தில் எதிர்க்கடை காதில் விழாது. நான்தான் அதைத் தெருவைப் பார்க்கத் திருப்பச் சொன்னேன்.

ஐந்தாவது ஓவர் வருவதற்குள் முதல் ஆள் தட்டோடு சந்தைக் கடந்து எதிரே போனார். பின்னாலேயே நாலைந்து பேர். ஒரு விக்கெட் விழுந்த சத்தம் எதிரே கேட்டதும் ஒரு முழு மேசையே எழுந்துவிட்டது. எங்கள் கடையில் அந்த ஆட்டக்காரர் இன்னும் அவுட் ஆகாமல் மட்டையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "தங்கச்சி, எனக்கு நீங்க வித்தது நேத்து ஆட்டமா?" என்று கேட்டார்.

"ஒரு வாரம் குடுங்கண்ணே. நான் சரி பண்றேன்," என்றேன். எப்படிச் சரிசெய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் செய்துவிடுவேன் என்பதில் சந்தேகம் வரவில்லை. விற்கிறவளுக்கு முதலில் நம்பிக்கை, பிறகு வழி, அந்த வரிசையில்தான் வரும்.

திங்கட்கிழமை காலை எங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனேன். அங்கே மதுரையிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆன ஒரு பொறியாளர் இருந்தார். நேரலையின் தாமதத்தைக் குறைப்பதுதான் அவர் வேலை. நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"குறைக்கலாங்க்கா. ஆபீஸ்ல ஒரு வழி டெஸ்ட் பண்ணிட்டிருக்கோம். கடைக்குன்னு தனிப் பெட்டி வைக்கணும், வைஃபை ஆகாது, வயர் இழுக்கணும். அப்படிப் பண்ணினா பாதிக்கு மேல கொறைஞ்சிரும்."

"கேபிள முந்துமா?"

"முந்தாது. பக்கத்துல போகலாம். அவ்வளவுதான்."

"பக்கத்துலன்னா?"

"எதிர்க்கடையில கத்தி முடிச்சு உக்காரும்போது உங்க கடையில பந்து போடுவான்."

அது போதாது. பிந்தியது பிந்தியதுதான், கொஞ்சமாகப் பிந்தினாலும் சிக்ஸ் செத்துவிடும். இருந்தாலும் தலைவியிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரே வரியில் முடித்தார்: "ஒரு கடைக்காகப் புதுப் பெட்டியை வெளியே அனுப்ப முடியாது. ஒரு தெருவே வந்தால் பேசலாம்."

என் வீடு இருக்கும் செங்காங்குக்குப் போகிற ஊதாத் தடத்து ரயில் லிட்டில் இந்தியா வழியாகத்தான் போகிறது. அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கினேன். அண்ணன் கடைப் பக்கம் போகவில்லை. அக்கா கடையில் போய் உட்கார்ந்து, முட்டைப் பரோட்டாவும், தே தாரிக் என்கிற நுரைக்க ஆற்றிய தேநீர் ஒன்றும் சொல்லிவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. வர்ணனை ஆங்கிலத்தில். பக்கத்து மேசையில் கப்பல் பட்டறைச் சீருடையோடு இருந்த ஒருவர் கேட்டார்.

"அக்கா, இதத் தமிழ்ல வைக்க முடியாதா? ஊருல தமிழ்லதான் பாப்போம்."

"இதுல வராதுப்பா," என்றார் அக்கா, கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் நேரலையில் தமிழ் வர்ணனை வந்தது. அதை ஒரு கடைக்காரரிடமும் சொல்லிக்காட்ட வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றியதில்லை, நான் உட்பட. கூட்டம் குறையும்வரை காத்திருந்து, கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று, நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, எதிர்க்கடைக்கு வித்த ஆளா நீ?" அக்கா மாவை வீசினார். "எனக்கு வேணாம். கேபிள் இருக்கு. உன் படம் லேட்டு. போன ஞாயிறு அவரு ஆளுங்க பாதிப் பேரு இங்கதான் நின்னாங்க. நான் எதுக்கு மாறணும்?"

"நின்னாங்க சரி. ஏதாச்சும் வாங்கினாங்களாக்கா?"

வீசிய மாவு கல்லில் விழுந்தது. அக்கா என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அத ஏன் கேக்குற. ஒரு தே கூட வாங்கல. அவரு தட்டோட வந்து என் வாசல்ல நின்னுக்கிட்டாங்க. என் ஆளுங்களுக்கு டிவி தெரியல, சண்டை வேற. கடைசில அவரு தட்டையெல்லாம் நான் கழுவி அடுக்கிக் குடுத்து அனுப்பினேன். நன்றின்னு ஒரு வார்த்தை வரல."

"ரெண்டு கடையிலயும் ஒரே நேரத்துல ஓடினா அவரு ஆளுங்க அவரு கடையிலயே இருப்பாங்க. உங்க ஆளுங்களுக்கு டிவி தெரியும். அதுவும் தமிழ்ல."

"அப்பவும் லேட்டு லேட்டுதானே?"

"எதிர்ல முன்னாடியே கத்துறதுக்கு ஆளு இல்லன்னா, லேட்டுன்னு யாருக்குக்கா தெரியும்?"

அக்கா தோசைத்திருப்பியைப் பிடித்தபடியே சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"வாயி இருக்கு உனக்கு. சரி, ஒரு ஞாயித்துக்கிழமை. ஒண்ணே ஒண்ணு. எனக்குப் பிடிக்கலன்னா பாதி ஆட்டத்துலயே கேபிள மாட்டிருவேன். உன்ன எல்லார் முன்னாடியும் திட்டுவேன்."

"திட்டுங்க."

அங்கிருந்து நேரே சந்தைக் கடந்து அண்ணனிடம் போனேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்களுக்கும் விக்கிறீங்களா? எனக்கு மட்டும்தான்னு நெனச்சு டிவி வாங்கினேன்."

"அண்ணே, உங்களுக்கு மட்டும் இருந்ததாலதான் போன வாரம் அப்படி ஆச்சு. ரெண்டு பேருக்கும் இருந்தாத்தான் உங்களுக்கு உபயோகம்."

அவர் யோசித்தார். எதிர்க்கடையைப் பார்த்தார். "தட்டு ஒண்ணும் குறையல," என்றார் கொஞ்சம் தாழ்ந்த குரலில். "கழுவி வேற குடுத்துவிட்டாங்க."

தலைவியிடம், ஒரு தெரு கிடைத்துவிட்டது என்று சொன்னேன். எத்தனை கடை என்று கேட்டார். இரண்டு என்றேன்.

"இரண்டு கடை ஒரு தெரு ஆகாது."

"அந்தச் சந்தில் டிவி இருப்பதே இரண்டு கடையில்தான். நம்பாவிட்டால் நேரில் வந்து பாருங்கள்."

சிலர் சவாலை விரும்புவார்கள் என்று எனக்குத் தெரியும். "வருகிறேன். இரண்டு பெட்டி மட்டும் எடுத்துப் போ," என்றார்.

சனிக்கிழமை பிற்பகல் பொறியாளரும் நானும் இரண்டு கடைகளிலும் வயர் இழுத்துப் பெட்டி வைத்தோம். அவர் இங்கே வந்த இத்தனை காலத்தில் தேக்காவுக்கு மளிகை வாங்க மட்டுமே வந்திருக்கிறார். தன் வேலை ஒரு கடையில் மாட்டப்படுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு பெட்டிகளையும் ஒரே நொடியில் ஓடும்படி அமைத்துவிட்டு, சந்தின் நடுவில் நின்று இரண்டு டிவிகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டோம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குரல், ஒரே சொல், எதிரொலி இல்லாமல் வந்தது. "நல்லா இருக்குல்லக்கா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, தானே தலையாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சந்து நிரம்பிவிட்டது. தலைவி வந்தார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குள் அவர் வருவது அதுதான் முதல்முறை. கூட்டத்தில் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றவரை அக்கா பார்த்துவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கேட்காமலேயே பரோட்டாவும் மீன் குழம்பும் முன்னால் வந்தன.

முதல் பந்து. தமிழ் வர்ணனை கேட்டதும் அக்கா கடையில் ஒரு விசில் பறந்தது. இரண்டாவது ஓவரில் ஒரு பவுண்டரி. இரண்டு கடையும் சேர்ந்து கத்திய கத்தலில் மேல்மாடி ஜன்னல் ஒன்று திறந்து யாரோ எட்டிப் பார்த்தார். அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார்.

ஆனால் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. ஸ்கோர் சொல்லும் செயலிகள் எந்த டிவியையும்விட வேகமானவை. அக்கா கடையில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "அவுட்டு!" என்று கத்தினார். டிவியில் ஆட்டக்காரர் அப்போதுதான் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எல்லோரும் கத்தியவர்மேல் எரிந்து விழுந்தார்கள். அடுத்த ஓவரில் இன்னொருவர். தலைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தோசைத்திருப்பியால் கல்லை ஓங்கித் தட்டினார்.

"யாரு போனப் பாத்து சொல்றீங்களோ அவங்களுக்குப் பரோட்டா கிடையாது! போனப் பையில வைங்க. வச்சாச்சா? வச்சாத்தான் அடுத்த தட்டு வரும்."

கைப்பேசிகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. சந்துக்கு அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரத்தில் அண்ணனின் குரல் கேட்டது: "இங்கயும் அப்படித்தான்! போன் பாக்குறவங்களுக்கு வடை இல்ல!"

அக்கா இங்கிருந்தே கேட்டார், "என்ன, என் சட்டத்தையே எடுத்துக்கிட்டீங்க?"

"நல்ல சட்டம் லா!" என்றார் அண்ணன்.

அவர்கள் இருவரும் நேராகப் பேசியதைத் தான் பார்த்ததே இல்லை என்று அக்கா கடையில் பரோட்டா வீசிக்கொண்டிருந்த ஊழியர் என் காதருகே சொன்னார்.

இரண்டாவது இன்னிங்ஸில், ஆட்டம் இறுகிக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா கடை டிவி உறைந்துபோனது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பொறியாளர் மேசைக்கு அடியில் குனிந்தார். யாரோ நாற்காலியை நகர்த்தியதில் வயர் கழன்றிருந்தது. கூட்டம் கலையப்போகிறது என்று நினைத்தேன். ஒருவரும் நகரவில்லை. எல்லோரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தபடி திரும்பி, எதிரே தெருவைப் பார்த்துத் தொங்கிய அண்ணனின் பெரிய டிவியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கையில் அவரவர் பரோட்டாவோடு. அண்ணன் அதைக் கவனித்து, ஒலியைக் கூட்டிவைத்தார். படம் இங்கே திரும்பி வந்ததும் எல்லாத் தலைகளும் மறுபடி இந்தப் பக்கம் திரும்பின.

தலைவி என் கையைத் தொட்டார். "யாரும் எழுந்து போகவில்லை," என்றார். அவர் குரலில் அப்படி ஒரு வியப்பை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

கடைசி ஓவரில் மஞ்சள் சட்டைக்காரர்கள் தோற்றார்கள். கடைசிப் பந்து விக்கெட் காப்பாளர் கைக்குப் போனதும் சந்தின் இரண்டு பக்கமும் தலையில் கையை வைத்துக்கொண்டன. தோற்றதுதான். ஆனால் இரண்டு கடையிலும் ஒரே நேரத்தில் தோற்றது. அந்த வருத்தத்தைத் தீர்த்துக்கொள்ள ஆளுக்கு ஒரு தே வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேருந்துக்குப் போனார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. "கேபிள் ஒப்பந்தம் முடியட்டும், வந்து பேசு. அதுவரைக்கும் இந்தப் பெட்டி இங்கயே இருக்கட்டும்," என்றார்.

தலைவியும் பிடிவாதக்காரர் இல்லை. தான் நினைத்தது தப்பு என்று தெரிந்தால் அங்கேயே மாற்றிக்கொள்வார். ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும்போதே, சின்னக் கடைகளுக்குச் சீசன் சந்தா என்று தனியாக ஒன்று போடலாம், அதை நீயே பார்த்துக்கொள் என்றார். சரி என்றேன். கூடவே, அதை விற்க எனக்குத் தமிழ் தெரிந்த ஆட்கள் இரண்டு பேர் வேண்டும் என்றும் சொன்னேன். கேட்கிற நேரத்தில் கேட்டுவிட வேண்டும்.

அதன் பிறகு வேலை தானாக நடந்தது என்று சொன்னால் பொய். சந்து சந்தாக ஏறி இறங்கினேன். ஒரு சந்தில் ஒரு கடையை மட்டும் சேர்ப்பதில்லை என்று எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எதிரும் புதிருமாகச் சேர்ந்தால்தான் பெட்டி. கடைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள். "அவனுக்குக் குடுக்காத" என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களை அக்கா கடைக்கு அழைத்துப் போவேன். அக்கா கல்லில் நின்றபடியே எனக்காகப் பேசுவார், என்னைவிட நன்றாக. தேக்காவுக்கு வெகு தொலைவில் சுவா சூ காங்கில் அக்காவின் நாத்தனார் வைத்திருந்த கடை வரைக்கும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

இரண்டு சீசன்கள் நன்றாக ஓடின. இரண்டாவது சீசன் முடிந்தபோது அந்த லீக்கின் உரிமம் எங்கள் கையைவிட்டுப் போனது. எங்களைவிட அதிகம் கொடுக்க இன்னொரு நிறுவனம் முன்வந்தது, அவ்வளவுதான். இந்தத் தொழில் அப்படித்தான். விற்கிற சரக்கு நம்முடையது இல்லை. வாடகைக்கு எடுத்ததைத்தான் வாடகைக்கு விடுகிறோம்.

செய்தி வெளியாவதற்குள் எல்லாக் கடைகளுக்கும் மின்னஞ்சல் போய்விடும் என்றார்கள். நான் அதற்கு முன்னால் அந்தச் சந்துக்குப் போனேன். மதிய நேரம் முடிந்து அண்ணன் டிவிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இந்தப் பெட்டி?"

"எடுத்துருவாங்கண்ணே. அடுத்த சீசன் வேற கம்பெனி."

"அவங்ககிட்ட தமிழ் வருமா? எதிர்க்கடையோட சேந்து ஓடுமா?"

"தெரியல."

அவர் இலையை மடக்கினார். "அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீங்க போய்ச் சொல்லுங்களேன்."

அப்படிச் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவில்லை. அந்தப் புது நிறுவனத்துக்கு வேலை கேட்டு எழுதினேன். வரச் சொன்னார்கள். அவர்களுடைய மேலாளர், நான் வந்தால் அந்தக் கடைகளும் கூட வருமா என்று முதல் கேள்வி கேட்டார். "கடைகள் யாரோடும் வராது. நான் போய்க் கேட்க வேண்டும். கேட்பதற்கு என் கையில் ஏதாவது இருக்க வேண்டும்," என்றேன். தமிழ் வர்ணனை, தாமதம் குறைந்த படம், சின்னக் கடைகளுக்குச் சீசன் சந்தா: முதல் நாளிலிருந்தே மூன்றும் வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசித்து, சரி என்றார்கள். பழைய தலைவியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர், "நானாக இருந்தாலும் போயிருப்பேன்," என்று கைகொடுத்தார். மதுரைப் பொறியாளர் மட்டும் அங்கேயே இருந்துவிட்டார். கால்பந்துக்கு அவர் தேவைப்பட்டார்.

புது வேலையில் சேர்ந்த வாரம் அக்கா கடைக்குப் போனபோது கல்லைச் சுற்றிக் கூட்டம். புதுக் கார்டை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை, கையெல்லாம் மாவு.

"வை அங்க. தமிழ் வருமா?"

"வரும்."

"எதிர்க்கடைக்காரரு கையெழுத்துப் போட்டாச்சா?"

"காலையிலயே."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?" என்று அக்கா இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவுக்காகக் கையை நீட்டினார்.